ஒன்பதரை மணி வகுப்பு

எங்கள் வகுப்பு இரவு 9.30 மணிக்குத் தொடங்கும். பகலில் மணி அடித்து நடக்கிற வகுப்பு அல்ல, போனில் நடக்கிறது.

காங்கயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில், பேருந்து தவறினால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டிய ஓர் ஊரில், அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். அறிவியல் நடத்துகிறேன். ஆள் இல்லாத நாட்களில் சமூக அறிவியலும் என் தலையில்தான். என் பிள்ளைகளின் அப்பாக்களில் பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். மீதிப் பேருக்கு அரிசி ஆலை, தேங்காய்க் களம், தறி. பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒரு நல்ல போன். அது காலையில் அப்பாவின் சட்டைப் பையில் ஏறிப் போய், ஒன்றரை ஷிப்ட் முடிந்து, கம்பெனி வண்டியில் அதே சட்டைப் பையில் திரும்பி வரும். அவர் கைகால் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்காரும்போதுதான் பிள்ளையின் கைக்குப் போன் கிடைக்கும். அவர் சாப்பிட்டு எழுந்தால் திரும்பவும் அவருக்கு. இடையில் இருக்கும் அந்த அரைமணி நேரம்தான் எங்கள் சமூக ஊடகக் கல்வி.

பயிற்சி வகுப்புகளில் இதை வேறு மாதிரி சொல்வார்கள். எந்நேரமும் எங்கிருந்தும் கற்கலாம் என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். எனக்குக் கிடைத்தது 9.30 முதல் 10 வரை, அதுவும் சார்ஜ் இருந்தால்.

தொடக்கம் எல்லோருக்கும் போலத்தான். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். முந்தின ஆண்டு ஆகஸ்டில் வந்திருந்த கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடியது. அதோடு வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. நானும் தொடங்கினேன், காலை வணக்கம் சொன்னேன், யூடியூப் இணைப்புகளை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. டிக் விழுந்ததும் பாடம் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து விசாரித்தால், இணைப்பைத் தொட்ட வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் டேட்டாவைப் பத்து நிமிடப் பாடத்துக்குச் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? அதுவும் அன்றைக்கு அப்பா கிரிக்கெட் பார்த்திருந்தால் முடிந்தது கதை.

அடுத்ததாக வீட்டுப்பாடத்தை எழுதிப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. வரிசையாக வந்தது. பிழையும் வரிசையாகவே வந்தது. ஒருவன் ‘ஒளிச்சேர்க்கை’யில் ‘ச்’சை விட்டிருந்தான்; அடுத்த பதினோரு பேரும் விட்டிருந்தார்கள். முதலில் எழுதியவன் படத்தைப் போட்டதும் மற்றவர்கள் பெரிதாக்கிப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். வகுப்பில் காப்பி அடிக்க எட்டிப் பார்க்கவாவது வேண்டும். இங்கே நானே குழு அமைத்து வசதி செய்து கொடுத்திருக்கிறேன்!

இது நிமிர்ந்தது ஒரு தவறால். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதச் சோம்பல்பட்டு, சமூக அறிவியலில் புல்வெளிகள் பற்றிய குறிப்பைக் குரல் பதிவாக வாசித்து அனுப்பினான். பின்னால் ஆடு கத்துகிறது, எங்கேயோ மோட்டார் ஓடுகிறது. “புல்வெளிகளில் மரங்கள் குறைவாகவே காணப்படும்” என்று அவன் வாசிக்கும்போது குறுக்கே ஒரு கிழக் குரல்: “எந்தப் புல்வெளிடா அது? நம்ம கொறங்காட்டுல மரமில்லீனா மாடு எங்கடா போயி நிக்கும்?” பையன் கிசுகிசுத்தான்: “அப்பத்தா, டீச்சர் கேப்பாங்க, சும்மா இரு.” அப்பத்தா சும்மா இருக்கவில்லை. “கேக்கட்டும்” என்றார்.

நான் அந்தப் பதிவை நான்கைந்து முறை கேட்டேன். பாடநூலில் ஆப்பிரிக்காவின் சவானா இருக்கிறது, வட அமெரிக்காவின் பிரெய்ரி இருக்கிறது. பள்ளி மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான கொறங்காடு இருக்கிறது. அதை ஒருநாளும் பாடத்துக்குள் கொண்டுவர எனக்குத் தோன்றவில்லை. நானும் இந்தச் சீமையில் பிறந்தவள்தான்.

மறுநாள் கேள்வியை மாற்றிப் போட்டேன். ‘உங்க வீட்டுப் பெரியவங்ககிட்டக் கேட்டு, கொறங்காட்டைப் பத்தி ஒரு நிமிஷம் பேசி அனுப்புங்க. எழுத வேண்டாம்.’ அன்று இரவு 9.30க்கு ஆரம்பித்து 10.15 வரை போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கொழுக்கட்டைப் புல் பற்றி ஒருத்தி. வெள்வேல மரத்து நெற்றுக்காக வெள்ளாடு மரத்தடியிலேயே தவம் கிடப்பது பற்றி ஒருவன். கிளுவையைக் குச்சியாக ஒடித்து நட்டாலே வேர்விட்டு வேலியாகிவிடும் என்று ஓர் அப்புச்சி தானே போனை வாங்கிச் சொன்னார். மழை பெய்ததும் மாட்டை உள்ளே விடக்கூடாது, புல் தலையெடுக்கும் வரை படலைச் சாத்தி வைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். புல், மரம், முள்வேலி மூன்றும் சேர்ந்த இந்த மேய்ச்சல் நிலம்தான் காங்கேயம் மாட்டை இத்தனை காலம் வளர்த்திருக்கிறது. சுழற்சி மேய்ச்சல் என்று பாடநூலில் படிக்கிற விஷயத்தை, ஒரு கிழவர் படல் சாத்துகிற விஷயமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முக்கியமாக, யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. அடுத்த வீட்டு அப்பத்தாவைக் காப்பி அடிக்க முடியாதே.

அதிலிருந்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். இந்தக் கருவியின் பலம் பாடத்தை வீட்டுக்கு அனுப்புவதில் இல்லை, வீட்டில் இருப்பதை வகுப்புக்குக் கொண்டுவருவதில் இருக்கிறது. பாடத்தை அனுப்பப் புத்தகமே போதும். 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் பக்கத்துக்குப் பக்கம் கியூஆர் குறியீடும் இருக்கிறது, வேண்டியவர்கள் தட்டிப் பார்க்கலாம். வீட்டிலிருந்து வருகிற பாதைதான் அடைபட்டுக் கிடந்தது. பள்ளி திறந்து எல்லாம் பழையபடி ஆன பிறகும் அந்த 9.30 மணியை நான் விடாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு கன்றுக்குட்டிக் கதையும் சொல்லிவிடுகிறேன். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செம்பழுப்பாக, இருக்கும். ஆறு மாதம் ஆகும்போது நிறம் மாறி மயிலை, அதாவது சாம்பல் நிறம், ஆகத் தொடங்கிவிடும். மாடு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது தெரியும், ஆனால் தெரியும் என்பது அதற்குத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் அப்பாவின் போன் கேலரியில் தேடி நான்கு படங்களை அனுப்பினாள். கன்று பிறந்த அன்று எடுத்தது. மாட்டுப் பொங்கலுக்குப் பொட்டு வைத்து எடுத்தது. மாமா வந்தபோது அவர் பின்னால் தற்செயலாக நின்றது. போன வாரம் எடுத்தது. ஒவ்வொன்றிலும் தேதி இருக்கிறது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது நிறம் எந்த இடத்தில் முதலில் மாறுகிறது என்று வகுப்பே சண்டை போட்டது. கழுத்து என்றார்கள், முதுகு என்றார்கள், ஒருவன் ‘எங்க கன்னு அப்படியில்லீங் டீச்சர்’ என்று தன் வீட்டுப் படங்களைக் கொண்டுவந்தான். அவதானிப்பு, பதிவு, ஒப்பீடு என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதிப் போட்டிருப்பேன்! மாமா படத்தின் பின்னால் அது தானாகவே நடந்து முடிந்திருக்கிறது.

எழுதத் தெரியாதவர்களுக்கு இந்தக் குரல் பதிவு எத்தனை பெரிய வாசல் என்பதையும் சொல்ல வேண்டும். தேங்காய்க் களத்தில் வேலை செய்யும் ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஒருவன் எங்களிடம் படிக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்து தடுமாறும். அம்மாவுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. குழுவில் நாங்கள் தட்டச்சு செய்தவரை அந்த வீடு ஊமையாக இருந்தது. பேச ஆரம்பித்ததும் முதல் ஆளாக வந்து நிற்பது அந்த வீடுதான். கொப்பரையை எத்தனை நாள் காயப்போட வேண்டும், மேகம் போட்டால் என்ன ஆகும் என்று அவன் அம்மா பாதித் தமிழிலும் பாதி ஒடியாவிலும் சொன்னதை, ஆவியாதல் பாடத்துக்கு இன்றும் போட்டுக் காட்டுகிறேன், அவரிடம் கேட்டுக்கொண்டுதான்.

சரி, பார்வேர்டு விவகாரத்துக்கு வருகிறேன். பெற்றோர் இருக்கிற குழு என்றால் பார்வேர்டு வராமல் இருக்குமா? ஒரு நாள் இரவு ஓர் அப்பா நல்ல மனதோடு போட்டார்: இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை செவ்வாய்க் கிரகத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் வருகின்றன, போனை அணைத்து உடம்புக்குத் தூரமாக வையுங்கள், நாசாவும் பிபிசியும் சொல்கின்றன. மேலே இரட்டை அம்புக்குறி, பலமுறை அனுப்பப்பட்டது என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. ஆண்டுக்கணக்காகச் சுற்றுகிற பழைய புரளி. 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டினார்கள், 2020இல் இப்படி அதிகம் சுற்றியவற்றை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். அப்படியும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது.

‘இது பொய்’ என்று நான் உடனே போட்டிருக்கலாம். ஆனால் பிள்ளையின் கண்ணெதிரே அவள் அப்பாவைப் பொய்யராக்கி நான் என்ன அறிவியல் நடத்துவது? அதனால் குழுவில் ஒன்றும் பேசாமல், மறுநாள் வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ‘இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன கேட்கத் தோணுது?’ என்றேன். முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, நாசா என்று இருக்கிறதே. கொஞ்ச நேரம் கழித்துக் கடைசி வரிசையிலிருந்து ஒருவன்: “இன்னைக்குன்னா எந்த இன்னைக்குங் டீச்சர்?”

தேதி இல்லை. அந்தச் செய்தியில் தேதியே இல்லை. எந்த நாளில் படித்தாலும் அது ‘இன்று இரவு’தான். அந்தக் கேள்விக்குப் பிறகு மடை திறந்துவிட்டது. 12.30 என்பது நம்ம ஊர் நேரமா, அமெரிக்கா நேரமா? போனை அணைத்தால் கதிர் எப்படி நிற்கும்? ஆடு மாட்டுக்குப் போன் இல்லையே, அதுகளுக்கு ஆபத்து இல்லையா?

அப்புறம்தான் நான் பாடத்துக்கு வந்தேன். காஸ்மிக் கதிர் என்பது பொய் இல்லை. 1912இல் விக்டர் ஹெஸ் என்பவர் பலூனில் ஏறி உயரே போய் அளந்து கண்டுபிடித்தது. மேலே போகப் போக அளவு கூடுகிறது, ஆகவே வானத்திலிருந்துதான் வருகிறது என்றார். அவை காற்றுமண்டலத்தில் மோதுவதால் உண்டாகும் மியூவான் என்ற துகள்கள் இப்போதும் நம் உள்ளங்கை வழியாக ஏறக்குறைய நொடிக்கு ஒன்று வீதம் போய்க்கொண்டிருக்கின்றன. எல்லோரும் கையை நீட்டிப் பார்த்தார்கள். ஒரு பெண் கையைச் சட்டென்று பாவாடையில் துடைத்துக்கொண்டாள். இதை அளக்கிற ஆய்வுக்கூடம் நமக்கு மேலே மலையில்தான் இருக்கிறது. ஊட்டியில், ஏறக்குறைய 2200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3. 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி அங்கே இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. ஊட்டிக்குப் போய்ப் படகு விட்டுத் திரும்பிய பிள்ளைகளுக்கு இது சொல்லப்படவே இல்லை.

அன்று இரவு அந்த அப்பாவின் எண்ணிலிருந்து அவர் மகள் ஒரு நிமிடம் பேசினாள். நொடிக்கு ஒன்று, ஊட்டி, பலூன் எல்லாம் வந்தது. அடுத்து அப்பாவே வந்தார்: “சரிங் டீச்சர், அப்ப போனை ஆப் பண்ணாமயே தூங்கறேனுங்க.” அதற்குப் பிறகும் அவர் பார்வேர்டு அனுப்புகிறார். ஆனால் மேலே ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புகிறார். அது போதும் எனக்கு.

இதுவரை படித்தவர்களுக்கு நான் ஏதோ சாதித்துவிட்டதாகத் தோன்றலாம். அதனால் அடுத்ததை விடாமல் எழுத வேண்டும்.

ஒரு கோடைக்கு முன்பு, ஆவியாதல் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு மூலையில் எப்போதும் போல மண்பானை. பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேட்டேன். அதிகம் வாய் திறக்காத ஒரு பெண் எழுந்தாள். “பானைக்கு வேர்க்குதுங் டீச்சர். நமக்கு வேர்த்துக் காத்தடிச்சா ஜில்லுன்னு இருக்குதில்லீங்களா, அது மாதிரி” என்றாள்.

இதைவிடச் சரியான பதில் ஒன்று இல்லை. பானையின் நுண்துளைகளில் கசிந்து வெளியே வரும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நம் தோலில் வியர்வை செய்வதும் அதேதான். பாடநூல் ஒரு பத்தியில் சொல்வதை அவள் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. ‘இன்னொரு தடவை சொல்லு கண்ணு’ என்று போனை எடுத்துப் பிடித்தேன். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டு, பின்னலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை சொன்னாள். அதை என் ஸ்டேட்டஸில் வைத்தேன். பெருமைக்காகத்தான் வைத்தேன். 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும் என்ற தைரியம் வேறு.

என் ஸ்டேட்டஸில் போனது, உலகத்தில் போகவில்லை. தெரிந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு கேட்டு வாங்கி இன்னொரு குழுவில் போட்டார். அங்கிருந்து எங்கே போனதோ. மூன்றாம் நாள் அது சிரிப்புச் சத்தமும், காமெடி இசையும், ‘பானைக்கு வேர்க்குதாம்’ என்ற எழுத்தும் ஏறி ரீல்ஸாகத் திரும்பி வந்தது. காற்றடித்தால் ஜில்லென்று இருக்கும் என்ற பின்பாதியை வெட்டியிருந்தார்கள். பதிலை வெட்டிவிட்டு வெட்கத்தை மட்டும் வைத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் பள்ளியில் அவளுக்குப் பேரே ‘பானை’. நான் சத்தம் போட்டேன், அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எல்லா வகுப்புக்கும் போய் விளக்கினேன். விளக்க விளக்க அந்தப் பேர் கெட்டிப்பட்டது. அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். கத்தவில்லை. “ஒறம்பரைக்காரங்க எல்லாம் போன் பண்ணிச் சிரிக்கறாங்க டீச்சர். அவிங்க அப்பன் ரெண்டு நாளா சோறு திங்கலீங்க” என்றார். கத்தியிருக்கலாம். எனக்குப் பதில் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு என் வகுப்பில் எழுந்து எதற்கும் பதில் சொல்லவில்லை. எட்டாவது முடித்து வேறு பள்ளிக்குப் போனாள். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லிப் புகார் செய்தேன். ஓர் இடத்தில் எடுத்தார்கள், வேறு இடத்தில் முளைத்தது. கடைசியில் தேடுவதை நிறுத்திவிட்டேன். நான் தேடிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அதற்கு ஒரு பார்வை கூடுகிறது என்று உறைத்தபோது.

இப்போது சில ஆசிரியர்களின் ரீல்ஸைப் பார்க்கிறேன். பாட்டுக்கு ஆடிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார்கள். லட்சக்கணக்கில் பார்வை. சிலர் உண்மையிலேயே திறமைசாலிகள், நான் கற்றுக்கொண்டதும் உண்டு. ஆனால் பின்னால் நிற்கிற பிள்ளைகளைத்தான் என் கண் தேடுகிறது. தப்பாகச் சொன்னதற்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள், மழலைக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள், சத்துணவுத் தட்டோடும் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கல்லூரியில், கல்யாணப் பேச்சில் இது வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளைக்கு யார் துணைக்குப் போவது? வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்குமே சொந்தமாகக் கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். என் ஏழாம் வகுப்புக்கு 12. நம் நாட்டில் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களைப் பற்றிய தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது என்று ஆக்கிவிட்டார்கள். அது சரியா தப்பா என்று நான் வாதிடப் போவதில்லை. பிள்ளைக்குக் கணக்கு இல்லாமலும் எங்கள் வகுப்பு நடக்கிறது, கணக்கு அப்பாவுடையது, குரல் மட்டும் பிள்ளையுடையது.

முகம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். கை, இலை, கன்று, பானை வரலாம். குரல் பதிவு குழுவைத் தாண்டக்கூடாது. தாண்ட வேண்டுமானால் பேசியவரையும் வீட்டையும் கேட்க வேண்டும், கேட்டு வேண்டாம் என்றால் ஏன் என்று திரும்பக் கேட்கக்கூடாது. என் ஸ்டேட்டஸ் அன்றிலிருந்து காலிதான்.

இந்த ஆண்டு ஆறாம் வகுப்பில் அவள் தம்பி சேர்ந்திருக்கிறான். வருகைப் பதிவேட்டில் அப்பா பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. குழுவில் அவர்கள் எண்ணைச் சேர்க்கலாமா என்று நானே போய்க் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சேத்துங்க” என்றார்.

போன வாரம் வேப்ப மரம் பற்றிக் கேட்டிருந்தேன். 9.30க்கு வழக்கம்போல ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. அந்த எண்ணிலிருந்து குழுவில் ஒன்றும் வரவில்லை. 9.50க்கு எனக்குத் தனியாக ஒன்று வந்தது. முதலில் அம்மாவின் குரல்: “டீச்சருங்க, இது உங்களுக்கு மட்டுந்தானுங்க. குரூப்புல போட்டுராதீங்க.” பிறகு போன் கை மாறுகிற சத்தம். பேசியது தம்பி இல்லை.

முழுதாகக் கேட்டேன். ‘ரொம்ப சரிடா கண்ணு’ என்று பதில் போட்டேன். அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதவில்லை.